யேனாவைப் பெட்டியில் கட்டியவர்கள்

ஸ்டீரியோ நுண்ணோக்கியின் உடம்பில் இரண்டு வகைத் திருகுகள் உண்டு. ஒன்று, விரலால் கழற்றுவதற்காகவே செய்யப்பட்டது. தலை பெரிதாக, ஓரம் சொரசொரப்பாகக் கைக்கு வாட்டமாக இருக்கும். மற்றது மிகச் சிறியது. தலை உள்ளே அமுங்கியிருக்கும். சிலவற்றின் மேல் ஒரு சொட்டு அரக்கோ வண்ணமோ வைத்து மூடியிருப்பார்கள். முதல் வகை நமக்கானது. இரண்டாம் வகைத் திருகை, அந்தக் கருவி உருவான தொழிற்சாலையில் யாரோ ஒருவர் கண்ணை வைத்துப் பார்த்து, நகர்த்தி, மறுபடி பார்த்து இறுக்கியிருக்கிறார். அதைத் தளர்த்தினால் அவர் செய்த வேலை போய்விடும். திரும்ப இறுக்கினால் திருகு நிற்கும். அவர் வைத்த நிலை நிற்காது.

கனடாவில் பூச்சியியல் படிக்கும் அக்கா மகளுக்கு இப்படி ஒரு கருவியை அனுப்ப வேண்டியிருந்தது. 1970களில் கிழக்கு ஜெர்மனியின் யேனாவில் செய்தது. உல்ம் நகரத்தில், என் வீட்டுக்குப் பக்கத்துப் பழம்பொருள் சந்தையில், ஓய்வு பெற்ற ஒரு உயிரியல் ஆசிரியரிடம் வாங்கினேன். (நான் படித்த பள்ளியில் அது நுண்ணோக்கி. இங்குள்ள யாழ்ப்பாணத்து நண்பர்கள் நுணுக்குக்காட்டி என்கிறார்கள். அவர்கள் சொல்தான் அழகு என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பழக்கம் விடவில்லை.) "மாமா, புத்தகம் அனுப்புற மாதிரி அனுப்பிடாதீங்க" என்று அவள் தொலைபேசியில் மூன்று முறை சொன்னாள்.

வேலை அப்படியொன்றும் கடினமில்லை, பொறுமை வேண்டும். கண்ணருகு வில்லைகளை முதலில் உருவி, தனித்தனியாகச் சுற்ற வேண்டும். அவை இருந்த குழாய்களின் வாயை மூடியால் அடைக்க வேண்டும், இல்லாவிட்டால் தூசி நேரே உள்ளிருக்கும் பட்டகத்தின் மேல் விழும். விளக்கின் பல்பைக் கழற்ற வேண்டும். மேடையில் இருக்கும் கண்ணாடித் தட்டை எடுத்து இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைக்க வேண்டும். குவியம் மாற்றும் பற்சட்டத்தைக் கீழே வரை இறக்கிவிட வேண்டும். உயரத்தில் நிறுத்தினால், பெட்டி விழும்போது அந்த அதிர்ச்சி முழுவதையும் சில பற்கள் தாங்க நேரும். பிறகு தலைப்பகுதியைத் தூணிலிருந்து பிரிக்க வேண்டும். இரும்பு அடித்தளம் தனிப்பெட்டியில் போக வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்தால் வழியில் அடித்தளம் சம்மட்டியாகிவிடும்.

தலைப்பகுதியை முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டு மூட வேண்டும். நுரைப்பஞ்சின் துகள் வில்லைக்குப் போகக்கூடாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றும் கூடவே. அதன் பிறகுதான் குமிழி உறை, கெட்டியான நுரைப்பஞ்சு, பெட்டி, அந்தப் பெட்டிக்கு வெளியே நான்கு விரற்கடை இடைவெளி விட்டு இன்னொரு பெட்டி. வேர்க்கடலை மாதிரி உதிரியாக வரும் நுரைத் துண்டுகள் கனமான பொருளுக்கு உதவாது. லாரி குலுங்கக் குலுங்க அவை விலகிக்கொள்ளும், பொருள் அடியில் போய் உட்கார்ந்துவிடும். பழைய காலத்து மரப்பெட்டிகளில் இந்தத் தொல்லையே இல்லை. பெட்டியின் அடியிலிருந்து ஒரு திருகு மேலே வந்து நுண்ணோக்கியின் பாதத்தைப் பலகையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவு கவலையும் உடைந்துவிடுமே என்பதற்காக மட்டும் இல்லை. உடையாமலே கெட்டுப்போகக்கூடிய கருவி இது. இரண்டு கண்களுக்கும் தனித்தனிப் பாதை, தனித்தனிப் படம். அவற்றை மூளை ஒன்றாக்கும்போதுதான் ஆழம் தெரிகிறது. இரண்டு பாதைகளில் ஒன்று மேலும் கீழுமாக மிகச் சிறிதளவு விலகினாலும் கண்கள் அதைச் சரிக்கட்டப் போராடும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். பார்ப்பவர் தன் கண்ணில்தான் கோளாறு என்று நினைப்பார்.

இரண்டு கண்ணால் பார்க்கும் ஆசை நுண்ணோக்கியில் பழையது. 17ஆம் நூற்றாண்டில் ஷெருபான் தோர்லியான் என்ற பிரெஞ்சுத் துறவி இரட்டைக் குழாய் நுண்ணோக்கி ஒன்றைச் செய்தார். ஆனால் கூட்டு நுண்ணோக்கி படத்தைத் தலைகீழாக்கிவிடும் அல்லவா? இரண்டு குழாய்களும் அவரவர் படத்தை அவரவர் இடத்திலேயே தலைகீழாக்கினால் ஆழமும் தலைகீழாகிறது: மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். இரு கண்களின் படங்களுக்கிடையே உள்ள வேறுபாடுதான் ஆழத்தைத் தருகிறது என்பதை 1838இல் சார்ல்ஸ் வீட்ஸ்டன் விளக்கிய பிறகே இந்தக் குழப்பத்துக்குக் காரணம் தெளிவானது.

தீர்வு ஒரு கடிதத்தில் தொடங்கியது. ஹொரேஷியோ கிரீனோ என்று ஒரு அமெரிக்கர் பாரிஸில் வாழ்ந்தார். அதே பெயர் கொண்ட புகழ்பெற்ற சிற்பியின் மகன், உயிரியலாளர். சிறு உயிர்களை அவற்றின் உண்மையான உருவத்தில், மேடு மேடாகவும் பள்ளம் பள்ளமாகவும் பார்த்துக்கொண்டே கையாள வேண்டும் என்பது அவருடைய தேவை. 1892இல் யேனாவிலிருந்த எர்ன்ஸ்ட் ஆபேவுக்கு எழுதினார்: இரண்டு முழு நுண்ணோக்கிகளைச் சாய்வாக வைத்து ஒரே புள்ளியைப் பார்க்கச் செய்யலாமா? ஸீக்ஃப்ரீட் சாப்ஸ்கி அதைக் கருவியாக்கும் வேலையில் இறங்கினார். யேனா 1894இல் விற்கத் தொடங்கிய இருகண் தொலைநோக்கிகளில் இருந்த அதே வகைப் போரோ பட்டகங்கள் இங்கும் படத்தை நிமிர்த்தின. 1897இல் சாப்ஸ்கியும் கெப்ஹார்ட்டும் இந்தக் கருவியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். இன்றும் இரண்டு குழாய்கள் சாய்ந்து நிற்கும் ஸ்டீரியோ நுண்ணோக்கிக்குக் கிரீனோ வகை என்றுதான் பெயர். கைபேசி பழுது பார்க்கும் கடைகளில் இருப்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கடிதத்தின் வாரிசுகள்.

யேனா பெரிய ஊர் அல்ல. கார்ல் ஸைஸ் 1846இல் அங்கே பட்டறை திறந்தார். 1866இல் இளம் இயற்பியலாளர் ஆபே வந்து சேர்ந்தார். தடவித் தடவி வில்லை செய்வது போய், கணக்குப் போட்டு வில்லை செய்வது வந்தது. கணக்கு கேட்ட கண்ணாடி உலகத்தில் இல்லை, எனவே 1884இல் ஓட்டோ ஷாட்டுடன் சேர்ந்து கண்ணாடி ஆலை. ஸைஸ் இறந்த மறு ஆண்டு, 1889இல், ஆபே ஒரு அறக்கட்டளையை நிறுவி, நிறுவனத்தை அதற்கே உடைமையாக்கும் வேலையைத் தொடங்கினார். 1900இலேயே அங்கே எட்டு மணி நேர வேலைநாள் வந்துவிட்டது. இதையெல்லாம் புகழ்ந்து சொல்லிவிட்டு, அதே ஆலை இரண்டாம் உலகப் போரில் ஹிட்லரின் படைகளுக்குக் குண்டுவீச்சுக் குறிநோக்கிகளும் தூரமானிகளும் செய்தது என்பதையும், கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டவர்கள் அங்கே வேலை செய்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. அதன் பிறகு நடந்ததெல்லாம் அந்தக் கணக்கில்தான் நடந்தது.

1945 ஏப்ரல் 13 அன்று அமெரிக்கப் படை யேனாவுக்குள் வந்தது. ஆனால் முன்பே வரைந்திருந்த எல்லைக்கோட்டின்படி ஊர் சோவியத் பகுதிக்குப் போயாக வேண்டும். ஜூலைக்குள் காலி செய்ய வேண்டும். இருப்பது சில வாரம். எதை எடுத்துக்கொள்வது? வரைபடங்கள், ஆவணங்கள், ஆலை பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த மாதிரி வில்லைத் தொகுதி ஆகியவற்றை எடுத்தார்கள். பிறகு பட்டியல் போட்டு மனிதர்களை எடுத்தார்கள். ஸைஸ் ஆலையின் இயக்குநர்களும் விஞ்ஞானிகளும் பொறியாளர்களுமாக ஏறத்தாழ 80 பேர், குடும்பத்தோடு. முதல் கோளரங்கக் கருவியை உருவாக்கிய வால்தர் பௌயர்ஸ்ஃபெல்ட் அதில் ஒருவர். ஷாட் கண்ணாடி ஆலையிலிருந்து 41 பேர். மூளையை எடுத்துக்கொள்கிறோம் என்பதே அந்த நடவடிக்கையின் முழக்கமாக ஜெர்மானியர் நினைவில் தங்கிவிட்டது.

மூளையைக் கொண்டுபோய் இறக்கிய இடம் ஹைடன்ஹைம். உல்மிலிருந்து கிளம்பும் பிரென்ஸ் பள்ளத்தாக்கு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். நான் வேலைக்காகப் பலமுறை போயிருக்கிறேன். அமைதியான ஊர். அங்கே அந்த 80 பேருக்கு இயந்திரம் இல்லை, கண்ணாடி இல்லை, வேலையும் இல்லை. அவர்களைப் பயன்படுத்துவதைவிட, அவர்கள் சோவியத்துக்குக் கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அப்போதைய அவசரம். ஒரு ஆண்டுக்கு மேல் காத்திருந்து, 1946 அக்டோபரில் அதே ரயில் தடத்தில் இன்னும் கொஞ்சம் வடக்கே, ஓபர்கோகன் என்ற சிற்றூரில், ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடத்தில் 'ஓப்டான்' என்ற பெயரில் புதிய நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கண்ணாடிக்காரர்கள் இன்னும் அலைந்தார்கள். அவர்களுக்கென்று மைன்ஸ் நகரத்தில் ஆலை எழும்ப 1952 ஆகிவிட்டது.

யேனாவில் மிச்சமிருந்தவர்கள், ஹூகோ ஷ்ராடே என்பவரின் பொறுப்பில், குண்டுவீச்சில் சிதைந்ததைச் சரிசெய்து மறுபடி உற்பத்தியைத் தொடங்கிவிட்டார்கள். ஓராண்டு ஓடியது. 1946 அக்டோபர் 22 அதிகாலை சோவியத் படைவீரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். சோவியத் பகுதி முழுவதிலும் ஒரே நாளில் 2000க்கும் மேற்பட்ட ஜெர்மானிய வல்லுநர்கள், குடும்பங்களோடு, ரயில்களில் ஏற்றப்பட்டார்கள். யேனாவின் ஸைஸ் ஆலையிலிருந்து மட்டும் இருநூற்றுக்கும் மேல். தட்டுமுட்டுச் சாமான் வரை கட்டி ஏற்ற ஆட்களும் லாரிகளும் வந்திருந்தன. அவர்கள் கிராஸ்னகோர்ஸ்க், லெனின்கிராட் போன்ற இடங்களுக்குப் போனார்கள். ஊர் திரும்ப ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அதோடு ஆலையையும் பிரிக்கத் தொடங்கினார்கள். 1947 வரை நடந்த அந்த வேலையில், இயந்திரங்களில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கழற்றப்பட்டுப் பெட்டிகளில் கிழக்கே போயின. போரில் சோவியத் நாடு இழந்ததற்கு ஈடு என்பது அதன் நியாயம். அந்த இழப்பின் அளவை நினைத்தால் அந்த நியாயத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

பிரித்துக் கட்டுவதில் கவனித்தே ஆகவேண்டிய ஒரு சங்கதி இங்கே இருக்கிறது. சோவியத் பகுதியிலிருந்து அள்ளிப்போன இயந்திரங்களில் பல, ரயில் நிலையங்களில் வெட்டவெளியில் கிடந்து துருப்பிடித்தன என்பது அந்தக் காலத்து வரலாற்றில் அடிக்கடி வரும் செய்தி. ஆனால் கான்டாக்ஸ் கேமராவின் கதை வேறு. அதைச் செய்துவந்த டிரெஸ்டன் ஆலை 1945 குண்டுவீச்சில் அழிந்துபோனது. சோவியத் அதிகாரிகள் அந்த உற்பத்தி வரிசையை முதலில் யேனாவில் மறுபடி நிறுவச் செய்தார்கள். அச்சுகளும் கருவிகளும் புதிதாகச் செய்யப்பட்டு, கேமரா வெளிவருகிறது என்று ஓட்டிப் பார்த்த பிறகே பிரித்து உக்ரைனின் கீவுக்கு அனுப்பினார்கள். 1947இல் அங்குள்ள ஆர்செனல் ஆலையில் 'கீவ்' கேமரா பிறந்தது. முதல் கேமராக்களுக்குள் ஜெர்மன் பாகங்களே இருந்தன. 1980கள் வரை அந்த வரிசை ஓடியது. ஓடுகிற நிலையில் இருந்ததைப் பிரித்ததால்தான் அது போய்ச் சேர்ந்த இடத்திலும் ஓடியது.

என் தொழிலில் இதற்கு 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர், சுருக்கமாக கேடி. ஒரு நாட்டில் பத்துப் பேர் இருபது ஆண்டு பராமரித்த மென்பொருளை இன்னொரு நாட்டுக்கு ஆறு வாரத்தில் மாற்றுவோம். ஆவணங்கள் எல்லாம் வந்து சேரும். மூன்றாம் மாதம் நள்ளிரவில் எதுவோ நிற்கும். அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார். இருபது ஆண்டுகளாக இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தவன் என்பதால், யேனாவின் கதையில் மூளை மேற்கே போனது என்ற வாக்கியத்தை நான் முழுதாக ஏற்பதில்லை. இங்கே என் சக ஊழியர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். ஊரைவிட்டு வந்த என்னைப் போன்றவர்களுக்கும் அது இனிக்கிற வாக்கியம்தான்: நாங்கள் கிளம்பினோம், கூடவே மூளையும் கிளம்பியது. அப்படியென்றால் 1947இல் யேனாவில் என்ன மிச்சம்? தலைவர்கள் மேற்கே, வல்லுநர்களில் ஒரு பகுதி கிழக்கே, இயந்திரங்களும் கிழக்கே. கணக்குப்படி அங்கே வெறும் கட்டடம்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் யேனா மறுபடி நுண்ணோக்கி செய்தது. பட்டியலில் இடம்பெறாத கடைசல்காரர்களும், வில்லை தேய்ப்பவர்களும், பட்டகத்தைப் பொருத்தி, கண்ணை வைத்துப் பார்த்து, சின்னத் திருகை இறுக்கி, அரக்குச் சொட்டு வைப்பவர்களும் அங்கேயே இருந்தார்கள். எந்த ராணுவத்தின் பட்டியலிலும் அந்த வேலைக்குப் பெயர் இருந்ததாகத் தெரியவில்லை. 1948இல் ஆலை மக்கள் உடைமை என்று அரசால் அறிவிக்கப்பட்டது. நான் பெட்டியில் கட்டிய கருவி அவர்களுக்கு அடுத்த தலைமுறை செய்தது.

மேற்கே போனவர்களும் சும்மா இருக்கவில்லை. 1953இல் ஓபர்கோகனின் ஹான்ஸ் லிட்மன் ஓ.பி.எம்.ஐ. 1 என்ற அறுவை சிகிச்சை நுண்ணோக்கியைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு சாய்ந்த குழாய்கள் இல்லை. கீழே ஒரே பெரிய பொருளருகு வில்லை; அதன் வழியாக இரண்டு இணையான பாதைகள்; நடுவே ஒரு உருளையைத் திருப்பினால், கருவியின் உயரம் மாறாமலே உருப்பெருக்கம் மாறும். காது அறுவையில் தொடங்கிக் கண்ணுக்கும் நரம்புக்கும் பரவியது. கண்புரை நீக்கிச் செயற்கை வில்லை வைக்கும் அறுவையை இன்று நுண்ணோக்கி இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் இன்று வரிசையாக நடக்கும் அறுவைகளில், மருத்துவர் குனிந்து பார்க்கும் கருவி லிட்மனின் வழியில் வந்ததுதான். நம் வீட்டுப் பாட்டி தாத்தாக்களில் பலர் கண் திறந்தது அந்த வழியில்.

இப்போது இரண்டு ஸைஸ். இரண்டுமே தாங்கள்தான் மூலம் என்றன. யேனா சொன்னது: ஊர் இங்கே, அறக்கட்டளை இங்கே, 1846 இங்கே. ஓபர்கோகன் சொன்னது: அறக்கட்டளையை நடத்தியவர்கள் நாங்கள், உங்களிடம் இருப்பது அரசு பறித்துக்கொண்ட ஆலை. வழக்கு நாடு நாடாக நடந்தது. பிரிட்டனில் ஒரு வேடிக்கையான முடிச்சு விழுந்தது. கிழக்கு ஜெர்மனியைப் பிரிட்டன் ஒரு நாடாகவே அங்கீகரிக்கவில்லை. இல்லாத நாட்டின் சட்டப்படி நியமிக்கப்பட்ட நிர்வாகம் எப்படி வழக்குத் தொடுக்கும்? 1966இல் பிரபுக்கள் சபை ஒரு வழி கண்டுபிடித்தது: அந்தப் பகுதிக்குச் சட்டப்படி அதிகாரம் உள்ளதாகப் பிரிட்டன் ஏற்பது சோவியத் யூனியனை; கிழக்கு ஜெர்மன் அரசை அதன் கீழ் இயங்கும் அமைப்பாகக் கொள்ளலாம்; எனவே வழக்கு நடக்கலாம். அங்கீகாரம் இல்லாத ஒரு ஊர்க்காரனின் தாள்கள் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை, அலுவலக வரிசைகளில் நின்ற நம்மில் பலர் வேறு வடிவத்தில் கேட்டிருப்போம்.

1971இல் லண்டனில் சமரசம் ஆனது. மேற்கில் கார்ல் ஸைஸ் என்ற பெயர் ஓபர்கோகனுக்கு. சோவியத் அணி நாடுகளில் யேனாவுக்கு. எல்லை தாண்டி விற்கும்போது பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். ஓபர்கோகன் கிழக்கே 'ஓப்டான்' ஆனது. யேனாவின் வில்லைகள் மேற்கே வந்தபோது அவற்றின் மேல் 'அவுஸ் யேனா' என்று பொறித்திருந்தது. யேனாவிலிருந்து என்று பொருள், அவ்வளவுதான். குடும்பப் பெயரைப் பயன்படுத்தத் தடை, ஊர்ப்பெயருக்குத் தடையில்லை. ஊர்ப்பெயரின் முதலெழுத்தைத் தலைப்பில் போட்டுக்கொண்டு, கடவுச்சீட்டு அலுவலகங்களில் அது என்ன பெயர் என்று விளக்கிக்கொண்டிருக்கும் நமக்கு, அந்தப் பொறிப்பு விசித்திரமாகத் தோன்றாது.

ஜெர்மனி ஒன்றான பின் 1991இல் இரண்டு ஸைஸும் சேர்ந்தன. தலைமையகம் ஓபர்கோகன். யேனாவின் ஒளியியல் தொழிலில் முக்கியமான பகுதிகள் ஓபர்கோகனின் கைக்கு வந்தன. மிச்சம் யேனாப்டிக் என்ற பெயரில் தனி நிறுவனமானது. எந்தப் பிரிவு வேண்டும், எது வேண்டாம், யார் வேண்டும், யார் வேண்டாம் என்று யேனாவில் மறுபடியும் பட்டியல் போட்டார்கள். இம்முறை ரயில் வரவில்லை. பல்லாயிரம் பேருக்கு வேலை போனது. அதில் அரக்குச் சொட்டு வைத்தவர்கள் எத்தனை பேரோ. ஸைஸின் நுண்ணோக்கிப் பிரிவு இன்று பதிவாகியிருப்பது யேனாவில்தான்.